வெள்ளைச் சீட்டில் எழுதிய ஊர்

எங்கள் சித்தப்பாவின் அணி தோற்பதற்கென்றே நேர்ந்துவிட்ட அணி. இங்கிலாந்தில் கடலோரமாக ஒரு சின்ன ஊர், அந்த ஊரின் கால்பந்து அணி அது. ஊர்ப் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இது யார் வீட்டுக் கதை என்று பூதலூர் வட்டாரத்தில் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். எனக்கோ இன்னும் அங்கே நல்லது கெட்டதுக்குப் போய்வர வேண்டியிருக்கிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று கேட்பேன். "வாய் மட்டும் இல்லேன்னா உன்ன எப்பவோ நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்" என்பாள் அம்மா. அப்பாவின் தம்பியான சித்தப்பா முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகாமல் எங்களோடுதான் இருந்தார். சொந்தமாக ஒரு டிராக்டர் வைத்து ஊருக்கெல்லாம் உழவு ஓட்டுவார். எங்கள் ஊரில் எல்லாரும் கிரிக்கெட்தான் பார்ப்பார்கள். இங்கிலாந்துக் கால்பந்து பார்த்தவர்கள் மூன்றே பேர், அந்த மூன்று பேரும் கூடுவது எங்கள் வீட்டு டிவி முன்னால்.

ஒருவர் பால் சொசைட்டி மாமா. அவர் சிவப்புச் சட்டை அணி. அந்த அணி ஜெயிக்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒரே சிவப்புச் சட்டையைத் துவைக்காமல் போட்டுக்கொண்டு வருவார். அவர் போன பிறகு அம்மா ஜன்னலையெல்லாம் திறந்துவைப்பாள். இன்னொருவர் ரயில்வே கேட்டில் வேலை பார்த்த கேட் மாமா. அவர் நீலச் சட்டை அணி. இரண்டும் கோப்பைக்குப் போட்டி போடும் அணிகள், அதனால் அவர்கள் கத்துவதிலும் கட்டிப்பிடிப்பதிலும் ஒரு நியாயம் இருந்தது. சித்தப்பாவின் வெள்ளைச் சட்டை அணி பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்தது.

"ஏன் சித்தப்பா இந்த டீமு?" என்று நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒருநாள் "சட்டை வெள்ளையா நல்லாருக்குல்ல" என்பார். இன்னொரு நாள் "பாவம் பாப்பா, அதுக்கும் நாலு பேரு வேணாமா" என்பார். ஒரே கேள்விக்கு ஒருவர் இரண்டு பதில் சொன்னால் இரண்டுமே பொய் என்கிற அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது. இன்னொன்றையும் கவனித்து வைத்திருந்தேன். கோல் விழும்போது சித்தப்பா எழுந்திருக்கவே மாட்டார். ஆட்டத்துக்கு நடுவில் அந்த ஊர்த் தெருவையோ, குடை பிடித்துப் போகும் ஜனங்களையோ காட்டினால் மட்டும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார்.

அந்த வருடம் மே மாதத்தில் விஷயம் முற்றிவிட்டது. சித்தப்பா சோறு சரியாகச் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"இருபது பேரு படிக்கிற வகுப்புன்னு வச்சுக்க. வருஷக் கடைசில மட்டமான மூணு பேரை இழுத்துக் கீழ் வகுப்புல விட்டுருவாங்க. ஞாயித்துக்கிழமை கடைசி ஆட்டம். நாம ஜெயிச்சாத்தான் மேல."

"எறங்கினா என்ன சித்தப்பா?"

"எறங்கினா நம்ம டிவில வராது."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு டிவி நிகழ்ச்சி நின்றுபோவதற்கு ஒரு பெரிய ஆள் இப்படி வாடுவாரா என்று ஆச்சரியமாகவும் இருந்தது. சித்தப்பாவுக்காக ஏதாவது செய்தாக வேண்டும் என்று தீர்மானித்தேன். பத்து வயதில் எனக்குத் தெரிந்த ஒரே மேலிடம் மாதா கோயில்தான்.

எங்கள் கோயில் வாசலில் ஒரு மேசை உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் யாருக்காக வேண்ட வேண்டும் என்று சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டால், பூசைக்கு முன்னால், சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் மைக்கில் வாசிப்பார். மேசையில் இரண்டு கட்டுச் சீட்டுகள் இருக்கும், மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று. மஞ்சள் உயிரோடு இருப்பவர்களின் தேவைக்கு, வெள்ளை இறந்தவர்களுக்கு. இது பெரியவர்களுக்கெல்லாம் தெரியும், அதனால் யாரும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. அணியின் சட்டை வெள்ளை, ஆகவே நான் வெள்ளைச் சீட்டை எடுத்தேன். அந்த ஊரின் பெயரை மட்டும் எழுதினேன். மிச்சம் கடவுளுக்குத் தெரியாதா என்ன.

ஞாயிறு காலை ஆறரை மணிப் பூசை. சிறுவர்களோடு முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தேன். எழுதியிருப்பதை வாசிப்பது மட்டுமே தன் வேலை என்று நினைக்கும் எங்கள் உபதேசியார், வெள்ளைச் சீட்டுகளைப் புரட்டி, இரண்டு பெயர்களுக்கு நடுவில் அந்த ஊரையும் மூச்சுவிடாமல் படித்து, "இவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடுவோம்" என்று முடித்தார். யாருக்கும் உறுத்தவில்லை. பெனடிக்ட், வின்சென்ட், பெர்னார்டு என்று பெயர் வைத்திருக்கும் ஊரில் இன்னொரு வெள்ளைக்காரப் பெயருக்கு யார் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள். ஆன்ம இளைப்பாற்றி செத்தவர்களுக்குக் கேட்பது என்று எனக்குத் தெரியும். ஜெயிக்க வேண்டிய அணியைச் செத்தவர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

அந்த நேரத்தில் பெண்கள் பக்கத்தில் ஒருவர் எழுந்தார். டீச்சர். மேலத்தெருவில் இருப்பவர், ஓய்வுபெற்ற பிறகு சாயங்காலங்களில் எனக்கு டியூஷன் எடுத்தவர். பிரசங்கத்தின்போது தும்மினாலே முறைக்கும் டீச்சர், முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் விறுவிறுவென்று வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

வெளியே வேப்பமரத்தடியில், எப்போதும் உள்ளே வராமல் நின்று பூசை காணும் ஆண்கள் கூட்டத்தில் சித்தப்பா இருந்தார். டீச்சர் நேராக அவரிடம் போனார்.

"நீயா எழுதிக் குடுத்தே? இந்த ஊர்ல அந்தப் பேரைச் சொல்ற ஒரே ஆளு நீதான். என் பொண்ணுக்கு என்னப்பா ஆச்சு?"

டீச்சரின் மகள் இங்கிலாந்தில் நர்ஸ் என்பது எனக்குத் தெரியும். எந்த ஊரில் என்று யாரும் சொன்னதில்லை, நானும் எப்படியோ அதைக் கேட்காமல் விட்டிருந்தேன். சித்தப்பா டீச்சரைப் பார்த்தார், பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும்.

"நான்தாங்க டீச்சர் எழுதினேன். டீமுக்காக. சீட்டு மாறிப்போச்சு, மன்னிச்சுக்கங்க" என்றார்.

கோயில் வாசலில், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, சித்தப்பா இப்படிக் கூசாமல் பொய் சொன்னது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. டீச்சர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "எனக்கு அவ குரலக் கேக்கணும். போனை வீட்ல வச்சுட்டு வந்துட்டேனே" என்றார்.

சித்தப்பா சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். பெயர் எதையும் தேடவில்லை, மேலே முதலில் இருந்ததையே தொட்டார். "நைட் டூட்டிதான், அங்க இப்ப ரெண்டு மணி, டீ குடிக்கிற நேரம். எடுத்துரும்" என்றார். எடுத்துவிட்டது. "நான்தான். பயப்படாத, ஒண்ணுமில்ல. அம்மா பக்கத்துல நிக்கிறாங்க, பேசு" என்று சொல்லி டீச்சரிடம் கொடுத்தார்.

டீச்சர் மகளிடம் அதிகம் பேசவில்லை. "நல்லாருக்கியா? நல்லாருக்கியா?" என்று இரண்டு முறை கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு சித்தப்பாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா?"

"மூணு வருஷமாங்க" என்றார் சித்தப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

சரியான பதில்தான். அந்த அணியை அவர் ஆதரிக்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பெண் உயிரோடு இருக்கிறாளா என்று பதறிய டீச்சருக்கு அந்த நேரத்தில் கால்பந்துக் கணக்கு எதற்கு என்றுதான் எனக்கு விளங்கவில்லை. டீச்சர் உபதேசியாரைத் தேடிப் போனார். பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா, அப்பா, அம்மா மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். "டிராக்டர் ஓட்டுற வீட்டுக்கு நர்ஸ் படிச்ச பொண்ண எப்படிடா குடுப்பாங்க" என்று அப்பா சொன்னது கதவு வழியாகக் கேட்டது. யாரைச் சொல்கிறார் என்று கேட்கப் போய் அம்மாவிடம் தலையில் குட்டு வாங்கினேன்.

சாயங்காலம் ஏழரை மணிக்கு இங்கிலாந்தில் பத்து ஆட்டமும் ஒரே நேரத்தில் ஆரம்பம். பால் சொசைட்டி மாமாவும் கேட் மாமாவும் ஆறரைக்கே வந்து ரிமோட்டைக் கைப்பற்றியிருந்தார்கள். சிவப்பா நீலமா, கோப்பை யாருக்கு என்று தெரிகிற நாள். சித்தப்பா ஓர் ஓரத்தில் தன் அணியை மறந்தவர்போல் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் தொடங்கப்போகிற சமயத்தில் வாசலில் டீச்சரின் செருப்புச் சத்தம் கேட்டது.

ஆண்கள் மூவரும் எழுந்து நின்றார்கள். டீச்சர் முதலில் என்னிடம் வந்து ஒரு வெள்ளைச் சீட்டை நீட்டினார்.

"மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காம எழுதற புள்ள இந்த ஊர்ல நீ ஒருத்திதான். திங்கக்கிழமை வந்து நூறு தடவை எழுதிக் காட்டு."

பிறகு சித்தப்பா பக்கம் திரும்பினார். "சின்னப் புள்ளைக்காக நீ பழியை வாங்கிக்கிட்டே, சரி" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்த ஊர டிவில காட்டுறாங்களாமே. நான் பாத்ததேயில்ல. பாத்துட்டுப் போறேன்."

கோப்பையாவது ஒன்றாவது. பால் சொசைட்டி மாமாவே சானலை மாற்றினார். சிவப்பும் நீலமும் அன்று எங்கள் வீட்டில் போனுக்குள் சுருங்கின. இரண்டு மாமாக்களும் மூலையில் தலையோடு தலை முட்டிக்கொண்டு சத்தம் வராமல் கோப்பையைப் பார்த்தார்கள்.

டிவியில் மழை. டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பந்து எங்கே போகிறது என்று அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. "இந்த மழையிலயா எம்பொண்ணு வேலைக்குப் போவுது?" என்றார். சித்தப்பா பதில் சொல்ல ஆரம்பித்தார். முதலில் தயங்கித் தயங்கி, அப்புறம் மடை திறந்த மாதிரி. வெள்ளை அணி ஒரு கோல் போட்டதுகூட அந்தப் பேச்சில் கரைந்துபோனது. ஒரு கட்டத்தில் மைதானத்தை மேலே பறந்தபடி காட்டினார்கள், ஊரும் கடலும் தெரிந்தன.

"அந்தப் பச்சைக் கூரை ஆஸ்பத்திரிங்க டீச்சர். அதுக்குப் பின்னாடி ரெண்டாவது தெருல ரூம். எதுத்தாப்ல ரொட்டிக் கடை. போன குளிருக்கு ஹீட்டர் கெட்டுப்போயி ஒரு வாரம் கஷ்டப்பட்டுச்சு. இப்ப சரி பண்ணிட்டாங்க."

"எங்கிட்ட சொல்லலியே."

"நீங்க கவலப்படுவீங்கன்னு சொல்லியிருக்காதுங்க."

நான் டிவிக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தேன். அந்தப் படத்தில் ரொட்டிக் கடை எங்கேயும் இல்லை. மூன்று வருடம் விடாமல் ஆட்டம் பார்த்தால் கேமரா காட்டாததெல்லாம்கூடத் தெரியவந்துவிடும் போலிருக்கிறது என்று எனக்குச் சித்தப்பாமேல் பெரிய மரியாதை வந்தது.

கடைசிப் பத்து நிமிடத்தில் எதிரணி இரண்டு கோல் போட்டது. விசில் ஊதினார்கள். வெள்ளை அணி இறங்கிவிட்டது. மழையில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுவதைக் காட்டினார்கள். அதே நிமிடத்தில் மூலையில் கேட் மாமாவின் அணி கோப்பையை ஜெயித்தது. பாவம், எழவு வீட்டில் வெடி போடவா முடியும். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு மூன்று முறை குதித்தார். பால் சொசைட்டி மாமா அந்தச் சிவப்புச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

என்னால் தாங்க முடியவில்லை. எல்லாம் என் சீட்டால் வந்த வினை என்று ஓவென்று அழுதேன். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

டீச்சர் எழுந்து முந்தானையைச் சரிசெய்தார். "இனிமே இந்த ஊரக் காட்ட மாட்டாங்களா?"

"மாட்டாங்க டீச்சர்."

"அப்ப நேர்லதான் போயிப் பாக்கணும்." வாசல்படி வரை போனவர் திரும்பினார். "பாஸ்போர்ட் இருக்கா உனக்கு?"

சித்தப்பா இல்லை என்று தலையாட்டினார்.

"எடுத்துவை. டிசம்பர்ல அவ லீவுல வர்றா. அதுக்கு முன்னாடி உங்க அண்ணனையும் அண்ணியையும் ஒருநாள் எங்க வீட்டுக்கு வரச் சொல்லு."

சித்தப்பா கொல்லைக் குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார். அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன், தண்ணீருக்கு நடுவில் பல் தெரிந்தது. உள்ளே அம்மா அவசர அவசரமாக ரவையை வறுத்துக்கொண்டிருந்தாள். இங்கிலாந்தில் ஓர் அணி தோற்றுக் கீழே இறங்கினால் எங்கள் வீட்டில் கேசரி கிளறுவார்கள் என்பதைத் தவிர அன்று எனக்கு வேறொன்றும் விளங்கவில்லை.

ஆனால் அந்த வெள்ளைச் சீட்டில் ஏதோ இருக்கிறது என்பது மட்டும் நிச்சயமாகிவிட்டது. பால் சொசைட்டி மாமா அன்று கேசரியைத் தொடாமல் போனது எனக்கு மனசே ஆறவில்லை. அவருக்கும் இப்படி ஏதாவது நல்லது நடக்கட்டும் என்று அடுத்த சனிக்கிழமை பேனாவோடு கோயிலுக்குப் போனேன், சிவப்பு அணியின் பெயரை எழுத. மேசையில் மஞ்சள் சீட்டுகள் மட்டும் இருந்தன. வெள்ளைச் சீட்டுகளை உபதேசியார் சுவரில் உயரமாக ஓர் ஆணியில் மாட்டிவைத்திருந்தார். நான் எம்பி எம்பிப் பார்த்தேன், எட்டவேயில்லை.