என் மகளுக்குக் கூடாத ஊசி

என் மகளுக்கு ஏழு வயது. ரத்தப் புற்றுநோய். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்வரை தட்டம்மை ஊசி போடக் கூடாது, உடம்பு தாங்காது என்று புதுச்சேரி டாக்டர் பள்ளிக்குக் கடிதம் எழுதித் தந்தார். "சுத்தி இருக்கிற பிள்ளைங்க எல்லாரும் கண்டிப்பா போட்டுக்கணும், அதுதான் இவளுக்குப் பாதுகாப்பு" என்றும் சொன்னார். இதைக் கடிதத்தில் எழுதவில்லை.

இவளுக்கு மட்டும் ஏன் விலக்கு என்று வகுப்பு வாட்ஸப் குழுவில் யாரோ கேட்க, கடிதத்தைப் படம் எடுத்துப் போட்டேன். நான் செய்த மடத்தனம் அது. ஒரே வாரத்தில் அது செஞ்சியைத் தாண்டி அனந்தபுரம்வரை போய்விட்டது. பெரிய டாக்டரே ஊசி வேண்டாம் என்கிறாராம்.

ஊசி போடப் பள்ளிக்கு வந்த நர்சம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஐந்து பேர் அதே கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து, தங்கள் பிள்ளைகளுக்கும் விலக்கு கேட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் என் மகளின் பெயரைக்கூட அழிக்கவில்லை. அவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர், உரக்கடை வைத்திருப்பவர், பட்டம் படித்தவர்.

நேரே கடைக்குப் போனேன்.

"இன்னா சார், உங்க பொண்ணுக்கு ஒரு நாயம், எங்க புள்ளைக்கு ஒரு நாயமா?" என்றார்.

"அவளுக்குக் கேன்சருங்க. உங்க பையனுக்கு இன்னா?"

"அவனுக்கும் அடிக்கடி சளி புடிக்குது சார்."

தலையில் அடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

போன மாதம் அவர் வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. பையனுக்குத் தட்டம்மை. இரண்டு நாள் முன்புதான் காய்ச்சலோடு எங்கள் வீட்டில் உட்கார்ந்து என் மகளோடு கேரம் ஆடிவிட்டுப் போயிருந்தான். அவளை இழுத்துக்கொண்டு புதுச்சேரி பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு ஊசி போட்டார்கள். இது வேறு ஊசி, நோயைக் கொஞ்சம் தடுத்துப் பார்க்கும், உறுதி சொல்ல முடியாது, அம்மை போடுகிறதா என்று நான்கு வாரம் கவனியுங்கள் என்றார்கள்.

திரும்பும் வழியில் எதிர்வீட்டுக்காரர் போன் செய்தார். "உங்க லெட்டர நம்பித்தானே சார் நாங்க போடாம வுட்டோம்" என்றார். போனை வைத்துவிட்டேன்.

பையன் தேறிவிட்டான், தெருவில் சைக்கிள் விடுகிறான். நான் தினமும் காலையில், மகள் எழுவதற்குள், அவள் காதுக்குப் பின்னால் சிவப்பாக ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கிறேன். இன்று பத்தொன்பதாவது நாள்.