லெட்சுமி சிஸ்டர் அடித்துத் திருத்திய ஒரு சொல்

அந்தமானின் லாங் ஐலண்டில் சர்க்கரை நோய் முகாமை முடித்துவிட்டுப் படகுக்குக் காத்திருந்தபோது லெட்சுமி சிஸ்டரின் தம்பி கணேசனின் போன் வந்தது. "சார், அக்கா போயிருச்சு" என்றார். எங்கள் கிளினிக் நர்ஸான சிஸ்டருக்கு டயாலிசிஸ் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. எதிர்பாராத செய்தி என்று சொல்ல முடியாது. ஆனாலும் படகுத்துறை ஜெட்டியில் உட்கார்ந்து அழுதேன்.

எங்கள் கிளினிக்குக்கு வந்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவருடைய ஏச்சும் தெரியும். நான் அங்கே லேப் டெக்னீஷியன். மூத்திர டப்பாவைக் காலியாகத் திருப்பித் தந்த காண்டிராக்டர் ஒருவரிடம், "அரே பாய், கட்டடத்துக்கு மட்டும் மண்ணு டெஸ்ட் எடுப்பீங்களா?" என்று கேட்டு, சிஸ்டர் மறுபடி பாத்ரூமுக்கு அனுப்பிவைத்தார்.

சர்க்கரை உள்ள எல்லோருக்கும் சிறுநீரகம் கெடுவதில்லை. சில குடும்பங்களில் அந்தக் கோளாறு வழிவழியாக வரும். அதற்காகவே எங்கள் நோயாளி அட்டையில் ஒரு வரி உண்டு: குடும்பத்தில் சிறுநீரக நோய் உண்டா, இல்லையா? சிஸ்டருக்கும் சர்க்கரை; தம் அட்டையில் பல வருடம் "இல்லை" என்றே எழுதிவைத்திருந்தார். பொய் சொல்லவில்லை. அவருடைய அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்தவர். கூடப் பிறந்தவர்கள் நீலகிரிக்குப் போய்விட்டார்கள். அப்பாவுக்குக் கால் வீங்கியதும் கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். "மெயின்லேண்ட் போய்க் காலமானார்" என்பதோடு வீட்டில் பேச்சு முடிந்தது. என்ன நோய் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. இந்தத் தீவுகளில் பல வீடுகளில் இதுதான் வழக்கம்.

தம் சிறுநீரகம் கெட்ட பிறகுதான் கோத்தகிரியில் இருந்த அத்தையைத் தேடிப்பிடித்துப் போனில் கேட்டார். அப்பாவின் தம்பிகள் இருவருமே டயாலிசிஸில் இருந்து இறந்தவர்கள். போனை வைத்துவிட்டு, அட்டையில் "இல்லை" என்பதை அடித்து, "கேட்கவில்லை" என்று எழுதினார். அன்றிலிருந்து "இல்லை" என்று சொல்லும் ஒவ்வொருவரையும், "மெயின்லேண்ட் போய்த் திரும்பாதவங்க யாரு?" என்று குடைந்தெடுத்தார். பரம்பரை என்றதும் பயந்துபோகிறவர்களிடம், "தலையெழுத்து இல்லம்மா, ஜெட்டியில ஏத்துற புயல் கூண்டு. பாத்துட்டா படகைக் கட்டிப்புடலாம்ல?" என்பார்.

தம்பி கணேசன் மட்டும் மசியவில்லை. சிப்பிகாட் கிராமத்தில் காய்கறி போடுகிறார், அவருக்கும் சர்க்கரை. "என் பாடி பக்கா இருக்கு, சும்மா பயங்காட்டாத" என்பார். ஊருக்கெல்லாம் சொன்னவரால் சொந்தத் தம்பியை அசைக்க முடியவில்லை. டயாலிசிஸைவிட அதுதான் அவரை வாட்டியது. கடைசியாகப் பார்த்தபோது, "அவன் வந்தான்னா திட்டிப்புடாதீங்க சார், டப்பாவ மட்டும் குடுங்க" என்றார்.

காரியம் முடிந்த மறுநாள் காலை, மழித்த தலையோடு லேப் ஜன்னலில் கணேசன் நின்றார். நான் திட்டவில்லை. டப்பாவைக் கொடுத்தேன். சிறுநீரில் புரதம் கொஞ்சம் கசிந்திருந்தது; ஆரம்ப நிலைதான். டாக்டர் மாத்திரை தொடங்கிவிட்டார். "அக்கா இருக்கையிலேயே வந்திருக்கலாம் சார்" என்றார். ஆமாம் என்றேன்.

எனக்கும் சர்க்கரை உண்டு. என் அட்டையிலும் "இல்லை" என்று என் கையெழுத்திலேயே இருந்தது. நேற்று அதை அடித்துவிட்டு, சிஸ்டரின் சொல்லை எழுதினேன். பிறகு தூத்துக்குடியில் இருக்கும் பெரியப்பாவுக்குப் போன் போட்டு, தாத்தா எதனால் இறந்தார் என்று கேட்டேன்.