அவர் செருப்பு

எட்டாவதோடு நின்றவள் நான். எழுதுவதென்றால் ரேஷன் கடையில் கையெழுத்துப் போட்டதுதான். நாலு பேர் கூடினால் பின்னால் போய் நிற்கிறவள் இதை எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நீல வார் ரப்பர் செருப்பைப் பற்றிப் பேச எங்கள் வீட்டில் வேறு யாரும் இல்லை.

அது என் கொழுந்தனாருடைய செருப்பு. ஆனால் அதைப் போட்டு நடந்தவள் அவர் மனைவி, என் ஓரகத்தி. வேலம்பாளையத்தில் ஒரே வீடு, ஒரே பனியன் கம்பெனி, செக்கிங்கில் எதிரெதிர் டேபிள் எங்களுக்கு. காலையிலிருந்து நின்றுகொண்டே துணியில் ஓட்டை, கறை, நூல் பிசிறு தேடுகிற வேலை. சாயங்காலமானால் எங்கள் எல்லாருக்குமே கால் வீங்கும். டியூப்லைட் வெளிச்சத்தில் வெள்ளைத் துணியைப் பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் தலை வலிக்கும், கண் மங்கும். அதனால் அவளுக்குக் கால் வீங்கித் தன் செருப்பு நுழையாமல் புருஷன் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தபோது, டேபிளே சிரித்தது.

"ஏம்புள்ள, மாப்பிள்ளைய வெறுங்காலோட உட்டுட்டு வந்துட்டியா?"

"அவரு பைக்குல போறாருங்கக்கா. நடக்கறது நானுங்க."

"உள்ளார இருக்கறது பையன்தான். இப்பவே அப்பன் செருப்பக் கேக்கறான் பாரு!"

அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு நெற்றியை டேபிள் விளிம்பில் வைத்துக்கொண்டாள். தலைவலி என்றாள். யாரிடமோ இருந்த மாத்திரையைக் கொடுத்தோம்.

அது அவளுடைய இரண்டாவது கர்ப்பம். முதல் தடவை ஏழாம் மாதத்தில் பிரஷர் ஏறி, குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. அப்போது எங்கள் தெருவுக்கு வரும் நர்சம்மா வீட்டுக்கே வந்து, எங்கள் மாமியாரான அத்தையையும் உட்கார வைத்துக்கொண்டு சொன்னார். "அடுத்த தடவ நாள் தள்ளிப்போனதுமே வந்துருங்க கண்ணு. கொழந்தைக்குச் சத்து குடுக்கற நஞ்சுக்கொடி சரியா வேர் புடிக்கலீன்னா, அது அம்மா ரத்தத்துலயே தெரியுமுங்க. மூணாம் மாசமே ரத்தம் எடுத்துக் கோயமுத்தூருக்கு அனுப்பிப் பாக்கலாம். பிரஷர் வராம இருக்க ஒரு சின்ன மாத்திரையும் அப்பவே ஆரம்பிக்கோணும். எல்லாத்தையும் தடுக்குமுன்னு சொல்ல மாட்டேன். ஆனா நாங்க முழிச்சுட்டு இருப்பமுங்க."

அத்தை தலையாட்டினார். ஆனால் அவருக்குப் புரிந்தது வேறு. முதல் கர்ப்பத்தை ஊரெல்லாம் சொன்னோம், கண் பட்டுவிட்டது என்பதுதான் அது. இரண்டாம் தடவை நாள் தள்ளியதும், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும் வரை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று மகனிடமும் மருமகளிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஒரே வீட்டில் இருந்த எனக்கே சொல்லவில்லை. நர்சம்மாவிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரியாம். ஐந்தாம் மாதம் பொங்கல் வைத்தார்கள். அதற்கப்புறம்தான் அவளை நர்சம்மாவிடம் அழைத்துப்போனார்கள்.

நர்சம்மா பிரஷர் பார்த்த பட்டையைக் கழற்றக்கூட இல்லை. "இத்தன நாளு எங்கீங்க போனீங்க?" என்றார். அவள்தான், "சாமிக்கு வேண்டிட்டு இருந்தமுங்க," என்றாள். பிரஷருக்கு மாத்திரை கொடுத்தார்கள். நிற்கிற வேலை வேண்டாம் என்றார்கள். ஷிப்மென்ட் முடியட்டும் என்று வீட்டில் சொன்னார்கள்.

ஏழாம் மாதத்தில், வெள்ளைத் துணியைக் கையில் பிடித்தபடி, "அக்கா, ஒண்ணுமே தெரீலீங்க," என்றாள். அப்படியே டேபிளுக்கடியில் விழுந்தாள், கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. கம்பெனி வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனோம். ஒரு செருப்பு வேனில் கிடந்தது. இன்னொன்றை நான் கையில் பிடித்திருந்தேன். குழந்தை அழவேயில்லை. அவளுக்கு நினைவு திரும்பவேயில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கொழுந்தனார் வெறுங்காலோடு நின்றார். இரண்டு செருப்பையும் அவர் முன்னால் வைத்தேன். போட்டுக்கொண்டார். அத்தை துக்கம் கேட்க வந்தவர்களிடம், அஞ்சாம் மாசம் வெளியே சொன்னதுதான் தப்பு என்று சொல்லி அழுதார்.

இப்போது கொழுந்தனாருக்கு இரண்டாம் கல்யாணம் ஆகிவிட்டது. புதியவள் ஒரு மாதமாக, குழம்பு தாளிக்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுகிறாள். இந்தத் தடவையும் என்னிடம் யாரும் சொல்லவில்லை. பூஜை அலமாரியில் மட்டும் மஞ்சள் துணியில் ஒரு காசு முடிந்து வைத்திருக்கிறது. தன்னைப் பெற்றபோது தன் அம்மாவுக்குப் பிரஷர் ஏறி வலிப்பு வந்ததாகப் புதியவள் எப்போதோ பேச்சுவாக்கில் என்னிடம் சொல்லியிருக்கிறாள். அவளுடைய சின்னச் செருப்பு, அந்த நீல வார் செருப்பு கிடந்த அதே இடத்தில், வாசலில் கிடக்கிறது. கால் இன்னும் அதற்குள் அடங்குகிறது. தினமும் பார்க்கிறேன்.

போன வாரம் வேலை விட்டு வரும் வழியில் நர்சம்மாவைப் பார்த்தேன். வழக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். அன்று நின்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவர் வீட்டுக்கு வந்து, பிரஷர் பார்த்து, ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். அன்று மத்தியானத்திலிருந்து அத்தை என்னோடு பேசுவதில்லை.