டெல்பர்ட் அழிக்கச் சொன்ன படம்

ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் டெல்பர்ட் ஸ்பூனர் வேலைக்காலம் முழுவதும் பனி தள்ளும் வண்டி ஓட்டினார். ஓய்வு பெற்றபின், தம் பையூட் பழங்குடி முன்னோர் எரிமலைக்கல் மேட்டில் கொத்திவைத்த உருவங்களுக்குக் காவல் நின்றார். யாரும் அவரை நியமிக்கவில்லை. புகழ்ந்து சொல்ல அவரிடம் அதிகமில்லை. முன்கோபி. மனைவி பிரிந்து போனதற்கு அவரே காரணம். ஆனால் வெயிலிலும் காற்றிலும் அங்கேதான் நின்றார்.

அவர் குடும்பத்தில் அந்த உருவங்களைப் படம் எடுப்பதில்லை. எடுத்தால் பாறையில் இருப்பவர் படத்தோடு போய்விடுவார். ஒரு கோடையில் சுற்றுலா வந்த பெண் ஒருத்தி, வளைகொம்பு ஆட்டின் அருகே நிற்கும் மனித உருவத்தைக் கைபேசியில் எடுத்துவிட்டாள்.

"ஒரே ஒரு படம்தானே பெரியவரே!"

"உங்கம்மா குளிக்கறப்ப ஒருத்தன் ஒரே ஒரு படம் எடுத்தா சும்மா விடுவியா? அழி. என் கண்ணு முன்னாடி அழி."

அழித்தாள். முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் கிடந்தபோது, யாரோ கல்லறுக்கும் ரம்பத்தோடு ஏறி அதே உருவத்தைப் பலகைபோல் அறுத்துக்கொண்டு போனார்கள். பாறையில் வெளிறிய காயம் மட்டும் இருந்தது.

வசந்தத்தில் ஒரு வியாபாரியின் கிடங்கில் கல் அகப்பட்டது. மரச்சட்டத்தில் பொருத்துவதற்காக நான்கு பக்கமும் செதுக்கி, முதுகையும் தேய்த்திருந்தான்; இனிப் பாறையின் காயத்தோடு வைத்துப் பார்க்க வழியில்லை. அப்பாவின் பண்ணையில் கிடைத்தது என்று சாதித்தான். டெல்பர்ட் கல்லைக் கண்டதும் அழுதார். அரசு வழக்கறிஞர் அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

"இது உங்க பாறையில இருந்ததுன்னு காட்ட ஒரு படம் இருக்கா, மிஸ்டர் ஸ்பூனர்?"

"எனக்கு எதுக்கும்மா படம்? பார்த்தா தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும். நீதிபதிக்குத் தெரியணுமே."

மேட்டுக்கு வருபவர்கள் அனுமதி வாங்கித்தான் வருவார்கள் என்பதால், அந்தச் சுற்றுலாப் பெண்ணைத் தேடிப் பிடிக்க முடிந்தது. "நீங்கதானே அழிக்கச் சொன்னீங்க?" என்று தொலைபேசியில் கேட்டாள். குரலில் கேலி இல்லை. கேலி செய்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

வழக்கு நிற்கவில்லை. கல் வியாபாரியிடமே திரும்பிப் போயிற்று.

பழங்குடி அலுவலகத்தில் வேலை பார்க்கும் அக்கா மகள் ராமோனா கேமராவோடு வந்தாள்.

"மிச்சம் இருக்கறதையாவது எடுத்து வைப்போம் மாமா. நாளைக்கு அதுவும் போச்சுன்னா கோர்ட்டுல எதைக் காட்டுவீங்க, உங்க மூஞ்சியையா?"

"எடுத்துட்டா அப்புறம் பாறையில யாருடி இருப்பா?"

"எடுக்கலன்னா பாறையே இருக்காது."

திருடன் ஒருவரைத்தான் கொண்டுபோனான். தாம் எல்லோரையும் அனுப்பிவைக்கப் போகிறோம் என்று அவருக்குப் பட்டது. ஆனாலும் மறுநாள் இருவரும் ஏறினார்கள். ஒவ்வோர் உருவத்தின் பக்கத்திலும் அவர் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பியபடி நின்றார்.

"மாமா, உங்க நிழல் விழுது. கொஞ்சம் தள்ளுங்க."

தள்ளி நின்றார்.