பெரிய வளையம்

என் மனைவி பஸ் ஓட்டுகிறவள். தெருக்கோடியில் வரும் வண்டியின் நம்பரை வீட்டு வாசலில் நின்றபடியே வாசித்துவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் போய், ஐம்பத்து மூன்று வயதில் உனக்குக் கண் மங்குகிறது என்று சொன்ன ஒரே ஆள் நான்தான். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நாங்கள் பழகியதே துப்பாக்கி கிளப்பில்தான். அங்கே ஏர் ரைஃபிள்களைப் பழுது பார்ப்பவன் நான். அவள் ஷிஃப்ட் முடிந்ததும் சீருடையோடு வந்து நின்று சுடுவாள். கிளப்பில் உருப்படியான ரைஃபிள் ஒன்றுதான் உண்டு. வருடா வருடம் போட்டி வைத்து, ஜெயிப்பவருக்கு அதை ஒதுக்கிவிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அது அவளுக்குத்தான். அதன் மரக்கட்டையில் அவள் கன்னம் பதியும் இடம் வழுவழுப்பாகிவிட்டது.

இந்த வருடம் குண்டுகள் மையத்தைச் சுற்றிச் சிதற ஆரம்பித்தன. ரைஃபிள்தான் கெட்டுவிட்டது என்று ஒற்றைக் காலில் நின்றாள். அதைப் பட்டறை இடுக்கியில் இறுக்கிப் பிடித்துச் சுட்டுக் காட்டினேன். எல்லாக் குண்டும் ஒரே ஓட்டையில் போயின. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் இடம் வழக்கமாக என் தங்கைக்கு. தையல்காரி, நாற்பத்தாறு வயது. அண்ணி தடுமாறுவது தெரிந்ததும், இந்த வருடம் ரைஃபிள் தனக்குத்தான் என்று அதற்குப் புது உறையே தைத்து, எங்கள் வீட்டு மேஜையில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். கொழுப்பைப் பாருங்கள். ஓரத்தில் தையல் கோணியிருந்தது. அவசரம் போல என்று நினைத்துக்கொண்டேன். என் மனைவி அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரைஃபிள் கையை விட்டுப் போய்விடும் என்று அவளுக்குப் பயம். எனக்கும்தான்.

விஷயம் இதுதான். குழல் நுனியில் ஒரு சின்ன வளையம் இருக்கிறது. அதற்குள் குறியின் கறுப்புப் பொட்டு நட்ட நடுவில் உட்கார வேண்டும். அவளுக்குத் தூரம் பளிச்சென்று தெரியும். பேப்பர் படிக்கக் கண்ணாடி உண்டு. வளையமோ நீட்டிய கைக்கும் சற்று அப்பால், இரண்டுக்கும் நடுவில் கிடந்து மங்கியது.

கண்ணாடிக் கடைக்குத் துப்பாக்கியையா தூக்கிப் போக முடியும்? கண்ணிலிருந்து வளையம் வரையான நீளத்துக்குத் துடைப்பக் கட்டையை வெட்டி, நுனியில் ஓர் ஆணி அடித்து எடுத்துப் போனோம். கடைக்காரர் சிரிக்கிற மட்டும் சிரித்துவிட்டு, ஆணித் தலை தெளிவாகும் வரை வில்லை மாற்றி மாற்றிப் போட்டு, கண்ணாடி செய்து கொடுத்தார்.

அடுத்து, சின்ன வளையத்தைக் கழற்றிவிட்டுப் பெரிய வளையம் மாட்டினேன். வயதான கண்ணுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும்.

"இதுக்குள்ள யானையே போயிடும். குறி வேற பஞ்சு மாதிரி தெரியுது."

"தெரியட்டும். வளையம் தெளிவா இருக்கா? பொட்டைச் சுத்தி வெள்ளை ஒரே அளவா இருக்கா? அது போதும், சுடு."

நம்பாமல்தான் சுட்டாள். குண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி விழுந்தன, ஆனால் மையத்துக்குச் சற்று இடப்பக்கம். கண்ணருகே குறி பார்க்கும் பின்பக்க சைட்டின் திருகை இரண்டு சொடுக்கு திருப்பினேன். அடுத்துச் சுட்ட குறி அட்டையை வெகு நேரம் பார்த்தாள். பிறகு என்னிடமே, ரைஃபிள் சரியாகிவிட்டது என்றாள்.

போட்டியில் அவள் ஜெயித்தாள், அதுவும் நல்ல வித்தியாசத்தில். கிளப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ரைஃபிளை வாங்கியபோது, அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

மறுநாள் தங்கை பட்டறைக்கு வந்து நின்றாள். பெண்டாட்டிக்கு மட்டும் பார்த்துப் பார்த்துச் செய்தாய் என்று சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றே நினைத்தேன். அவள் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, அந்தத் துடைப்பக் கட்டையைக் கொஞ்சம் குடு."

கோணல் தையல் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. உள்ளே ரைஃபிளைத் துடைத்துக்கொண்டிருந்த என் மனைவி கட்டையோடு வெளியே வந்து, அதை நாத்தனார் கையில் கொடுத்தாள்.

"எடுத்துட்டுப் போ. கண்ணு தெரியலைன்னு அடுத்த வருஷம் சாக்கு சொல்லக் கூடாது. நீ தச்ச அந்த உறை எங்கிட்டயே இருக்கட்டும்."