அந்த வரிக்கு மட்டும் சத்தம் இல்லை

இரண்டு வருடங்களுக்கு முன், விளாங்குடியில் எங்கள் வீட்டு ஹாலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது இது. பட்டப்பகலில் எனக்கு உடம்பு சில்லிட்டுப் போனது அன்றைக்குத்தான்.

அப்பாவின் முதல் வருஷத் திதிக்காகத் தம்பி ஓசூரிலிருந்து வந்திருந்தான். அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வான். அதிலும் அப்பாவின் வாயை எவ்வளவு தூரத்திலிருந்தும் படித்துவிடுவான். சாப்பிட்ட கையோடு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பப் பையைத் தயாராக வைத்திருந்தான். விட்டால் இனி இந்தப் பக்கமே வரமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

எல்லாம் என் மகளின் காதுகுத்தில் வந்த வினை. மேலூர்ப் பக்கம் என் வீட்டுக்காரரின் குலதெய்வக் கோயிலில், தாய்மாமன் மடியில் பிள்ளையை வைக்கிற நேரம். தம்பி புது வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தான். மேளத்துக்கு நடுவே ஒரு குரல், "அவன் மடி வேணாம்ப்பா. காது குத்துற காரியம்" என்றது. அவனை எழுப்பிவிட்டுப் பெரியப்பா மகனை உட்கார வைத்தார்கள். அது அப்பாவின் குரல் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். யாரோ ஒரு புண்ணியவான் அதை அவனிடமும் சொல்லிவிட்டார். அன்று போனவன் அப்பாவின் சாவுக்குத்தான் வந்தான்.

அந்த விசேஷ வீடியோவில் சத்தமே இல்லை. கேமராக்காரரின் மைக் காலை வாரிவிட்டது. ஆனால் என் வீட்டுக்காரர் கோயில் படியில் வைத்த போனில் சத்தம் மட்டும் பதிவாகியிருந்தது. அதைக் கேட்டுக் கேட்டு, தம்பிக்காக நான் வசன வரிகளைத் தட்டச்சு செய்து தனி ஃபைலாக வைத்திருந்தேன். அந்த ஒரு வரியை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அப்பாவின் முகத்தைப் பார்த்தாலாவது அவன் மனம் இளகாதா என்ற நப்பாசை.

படம், சத்தம், எழுத்து மூன்றையும் என் வீட்டுக்காரர் டிவியில் சேர்த்து ஓடவிட்டார். எதையும் வம்படியாக, விடாப்பிடியாகச் செய்து பழகியவர். படத்தில் பூசாரி தேங்காய் உடைக்கும் இடமும், போனில் தேங்காய் உடையும் சத்தமும் ஒன்றாக வரும்படி வைத்தார்.

திரையில் அப்பா வாயைத் திறந்தார். "அவன் மடி வேணாம்ப்பா" என்று குரல் வந்தது. ஆனால் அப்பா வாயை மூடிய பிறகும் அதே குரல் பேசிக்கொண்டே இருந்தது. செத்தவர் வாயை மூடிக்கொண்டு பேசுகிறார். நான் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தம்பி எழுந்து திரையருகே போனான். "எழுத்து முன்னாடி ஓடுது அக்கா. பூசாரி வாய் வேற சொல்லுது" என்றான், அவனுடைய குழறலான பேச்சில்.

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "போன்ல ரெக்கார்டிங்க நான் லேட்டாத்தான் போட்டேன், மொத தேங்காய் அதுல விழலை. இதுல கேக்குறது ரெண்டாவது தேங்காய் போல மாப்ள."

சத்தத்தையும் எழுத்தையும் சேர்த்துப் பின்னால் தள்ளி, இரண்டாவது தேங்காயோடு பொருத்தினார். மறுபடி ஓடியது. இப்போது "அவன் மடி வேணாம்ப்பா" என்ற குரல் பெரியப்பாவின் வாயிலிருந்து வந்தது. அவரும் அப்பாவும் கூடப் பிறந்தவர்கள்; இருவருக்கும் ஒரே குரல்.

அடுத்து நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. படத்தில் தம்பி எழுந்து கேமராவைத் தாண்டி வெளியே போகிறான். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அப்பா எக்கிக்கொண்டு, அவன் போன திசையைப் பார்த்து, கழுத்து நரம்பு புடைக்க ஏதோ கத்துகிறார். கேமரா இருந்த திசை அது. அதனால் டிவிக்குள்ளிருந்து அப்பா நேராகத் தம்பியின் முகத்தைப் பார்த்துக் கத்துவதாகத்தான் இருந்தது. எங்களுக்குக் கேட்டதெல்லாம் மேளச் சத்தம் மட்டுமே.

தம்பி அசையாமல் நின்றான். பிறகு அப்பாவின் வாயோடு சேர்ந்து அவன் வாயும் அசைந்தது. "எம் மகன் மடியிலதான் வைக்கணும். டேய், போகாதடா. திரும்பிப் பாருடா."

என் வீட்டுக்காரர் படத்தை நிறுத்தினார். தம்பி தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதான். தன் அண்ணனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், அதைச் சொன்னது யார் என்று அப்பா கடைசிவரை வாயைத் திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று அவன் ஊருக்குப் போகவில்லை. அப்பா கத்துகிற இடத்தில் அவர் சொன்ன வரிகளை அவனே தட்டச்சு செய்தான். இன்றும் ஓடவிட்டால் அந்த இடத்தில் மேளம்தான் கேட்கும். கீழே "திரும்பிப் பாருடா" என்ற எழுத்து வரும்போது, காது கேட்கிற நாங்கள் அத்தனை பேரும் அங்கேயே இருந்தும் அப்பாவைக் கேட்காமல் விட்டோமே என்று என் மனம் இன்னமும் அடித்துக்கொள்கிறது.