பொம்மைப் படத்தில் நான் கண்ட குறை

எங்கள் குப்பத்துக்குப் பொம்மைப் படம் வந்தபோது நான் நாலாம் வகுப்பு. மெட்ராஸிலிருந்து ஒருவர் பெட்டியும் படச்சுருளுமாகப் பழவேற்காடு வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து படகேறி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். பட்டப்பகலில் எப்படிப் படம் காட்டுவது? பழைய பாய்மரத் துணிகளை ஜன்னல்களில் கட்டி இருட்டாக்கினார்கள். பிள்ளைகளுக்கான படம் என்று வாத்தியார் சொன்னது யார் காதிலும் விழவில்லை. ஊரே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

எங்களோடு சித்தப்பாவும் வந்தார். படம் பார்த்து நொட்டை சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கொட்டகையில் கதாநாயகன் துடுப்பைத் தொட்டால் போதும், இவர் பெஞ்சை விட்டு எழுந்துவிடுவார். அவருக்கு அந்தப் பக்கம் அத்தை, அவருடைய அக்கா. ஐப்பசிப் புயலுக்கு முந்தின நாள் கடலுக்குப் போன மாமா திரும்பி வரவில்லை. கட்டுமரமும் ஒதுங்கவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. பொங்கல் கழிந்தும் அத்தை நெற்றிக் குங்குமத்தை அழிக்கவில்லை. அழிக்கச் சொல்லும் துணிச்சல் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. கொஞ்ச நேரமாவது அவள் சிரிக்கட்டும் என்றுதான் சித்தப்பா அவளை வம்படியாக அழைத்து வந்திருந்தார்.

ஏரியில் வாழும் ஓர் எறாக் குடும்பத்தின் கதை அது; இறாலை நாங்கள் எறா என்போம். அப்பா, அம்மா, மூன்று குஞ்சுகள். அவை பேசியது எந்த மொழியோ, எங்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. முதல் காட்சியிலேயே கூட்டம் கொல்லென்று சிரித்தது. எறாக்கள் செக்கச்செவேலென்று இருந்தன.

"ஐயே, வெந்த எறாடா! கொழம்புலருந்து எழுந்து வந்து பேசுது!" என்றார் சித்தப்பா.

வரைந்தவர் எறாவைச் சாப்பாட்டுத் தட்டில்தான் பார்த்திருக்க வேண்டும். நண்டு வேறு நேராக நடந்தது. அத்தைகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆனாலும் அந்தப் படத்தைக் குறைத்துப் பேச எனக்கு இன்றும் மனசு வராது. முகத்துவாரத்தில் ஏரித் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்காமல் நிறம் பிரிந்து நிற்குமே, அதை அந்த மனுஷன் அப்படியே வரைந்திருந்தார். அந்த இடத்தில் சித்தப்பாவே நொட்டையை மறந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார். சேற்றில் ஒளிந்த குஞ்சை அம்மா எறா இழுத்துப் போட்டு நாலு சாத்து சாத்திவிட்டு, பிறகு தானே அழுதது. அசல் எங்கள் தெருப் பெண்கள்தான். அதற்குப் பிறகு எத்தனையோ படங்கள் பார்த்துவிட்டேன், தண்ணீருக்கு அப்படி உயிர் கொடுத்த ஆளை இன்னும் பார்க்கவில்லை. பாட்டுகள்தான் கொஞ்சம் நீளம்.

நடுவில் ஒரு புயல் வந்து அப்பா எறாவைக் கடலுக்கு அடித்துக்கொண்டு போய்விட்டது. அம்மா எறா தினமும் முகத்துவாரத்தில் வந்து நின்றது. கடைசியில் அலையோடு புரண்டு அப்பா எறா ஏரிக்குள் வந்து சேர்ந்தபோது பெண்கள் எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள்.

ஜன்னல் துணிகளை அவிழ்த்ததும், படத்தில் எது பிடித்தது, எது குறை என்று வந்தவர் எங்களைக் கேட்டார். சிவப்பு எறாவை ஒருவன் சொல்லிவிட்டான், நண்டை இன்னொருத்தி சொல்லிவிட்டாள். எனக்கென்று ஒன்று வேண்டாமா? யோசித்தேன், அகப்பட்டது. எழுந்து நின்றேன்.

"கடலுக்குப் போன பெரிய எறா திரும்ப ஏரிக்கு வராது சார். குஞ்சுங்கதான் வரும்."

எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். கைதட்டுவார்கள் என்று காத்திருந்தேன். எல்லோரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். வந்தவர் மட்டும், "அப்படியா?" என்று சித்தப்பாவைப் பார்த்தார்.

"வரும் சார். இதுக்கு இன்னா தெரியும்? நானே புடிச்சிருக்கேன்" என்றார் சித்தப்பா.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வராது என்று எனக்குச் சொன்னதே அவர்தான். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார். அத்தை அவர் பக்கம் திரும்பினாள்.

"எப்போடா புடிச்சே?"

"போன வருசம்கா. தை மாசம்."

"உசுரோட இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா. நல்லா துள்ளிச்சு."

அத்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். போயும் போயும் ஓர் எறாவுக்காக ஒருத்தர் இத்தனை கேள்வி கேட்பதும் ஒருத்தர் இத்தனை பொய் சொல்வதும் எனக்கு வெறுப்பாக இருந்தது. வீடு போய்ச் சேரும்வரை இருவரோடும் நான் பேசவில்லை. நான் சொன்னதுதான் சரி என்பதைத் தவிர அன்றைக்கு எனக்கு வேறொன்றும் தெரியாது.